சனிக்கிழமைப் பை

தையல்காரிக்கு ஓரிடத்தில் சும்மா உட்கார வராது. தையல் மெஷின் முன்னால் உட்காருவதுதான் அவளுக்கு உட்காருவது, அதிலும் கால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மாதா கோயில் மண்டபத்தில் வியாழக்கிழமை மாலைதோறும் உதவிச் சபை கூடும். ஜெபம் முடிந்து மற்றவர்கள் நாற்காலியில் சாய்வதற்குள் அவள் எழுந்துவிடுவாள். ஜன்னலைத் திறப்பாள், திறந்ததைச் சாத்துவாள், மேசைமேல் கிடக்கும் தாள்களை அடுக்குவாள். "இவ கால்ல சக்கரத்தோட பொறந்தவ" என்று சபைத் தலைவி சொல்லிச் சிரிப்பார். தலைவி ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். அவர் சிரித்தாலும் ஆஜர் எடுப்பதுபோலத்தான் இருக்கும்.

தையல்காரி அந்தச் சபையில் சேர்ந்து பதினோரு வருஷமாகிறது. சபையின் வேலை பெரிய ரகசியமில்லை. எங்கேயாவது ஒரு குடும்பம் கஷ்டப்படுகிறது என்று தெரிந்தால் இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போவார்கள். கோயிலுக்கு வருகிறவர்களா, வேறு சாமி கும்பிடுகிறவர்களா என்று கேட்பதில்லை. உட்காரச் சொன்னால் உட்காருவார்கள், கேட்க வேண்டியதைக் கேட்பார்கள், பிறகு சனிக்கிழமைதோறும் ஒரு பை போகும். அரிசி, பருப்பு, எண்ணெய், பால் பவுடர், சோப்பு, மீன் டின் இரண்டு. முதல் தடவை போகும்போதே கையில் பை இருக்க வேண்டும், வெறுங்கையோடு போய் அடுத்தவர் வீட்டில் கேள்வி கேட்கக் கூடாது என்பது டீச்சரின் கொள்கை. நீலத் துணியில் அந்தப் பைகளைத் தைத்தது தையல்காரிதான். பள்ளிச் சீருடை தைக்கிற அவளுடைய கம்பெனியில் மிஞ்சிய துணி அது.

சபைக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. தனியாக யாரும் போகக் கூடாது. ஒரு வீட்டில் பார்த்தது அந்த வீட்டோடு போக வேண்டும். கொடுக்க முடியாமல் போன பை அன்றைக்கே மண்டபத்துக்குத் திரும்பிவிட வேண்டும்.

அவளுக்கு ஜோடி தபால்காரர். ஓய்வுபெற்றவர், மெதுவாக நடப்பவர், இடது காது சரியாகக் கேட்காதவர். நாற்பது வருஷம் இந்த ஊர்த் தெருக்களில் அலைந்ததால் எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு மாமியார் கடிப்பார் என்று தனக்குத் தெரியும் என்பார். அவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது தையல்காரி வீட்டைப் படிப்பாள். தலையைத் திருப்பாமல் சமையலறையைப் பார்க்க அவளுக்குத் தெரியும். அடுப்பு அன்றைக்கு எரிந்ததா, குழந்தையின் செருப்பு காலுக்குச் சின்னதாகிவிட்டதா, சாப்பிட்டுவிட்டோம் என்று சொல்கிறவர்களின் குரலில் என்ன இருக்கிறது, எல்லாம் ஒரே பார்வையில் அவளுக்குப் புரிந்துவிடும்.

அப்படிப்பட்டவளுடைய வீட்டை எட்டு மாதமாக யாரும் படிக்கவில்லை.

அவளுடைய கணவர் லிப்ட் மெக்கானிக். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு கட்டடத்தில் வேலை பார்க்கும்போது கால் தவறி விழுந்து வலது தோள்பட்டை நொறுங்கிவிட்டது. அறுவைச் சிகிச்சை நடந்தது, கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. கம்பெனிக்காரர்கள் மூன்று மாதம் நல்ல மனிதர்களாக இருந்துவிட்டு, அவர் நிரந்தர ஊழியரே இல்லை என்று கண்டுபிடித்தார்கள். அதே சமயத்தில் தையல் கம்பெனியிலும் ஆர்டர் குறைந்து, அவளை வாரத்துக்கு மூன்று நாள் வந்தால் போதும் என்றார்கள். வீட்டில் பதின்மூன்று வயசில் ஒரே மகள், வளர்கிற பிள்ளை. அவர்களுடைய வீட்டிலும் மாதக் கடைசி பாதி மாதத்திலேயே வந்துவிட ஆரம்பித்தது.

சபையில் அவள் மூச்சு விடவில்லை. வீட்டுக்காரர் எப்படியிருக்கிறார் என்று யாராவது கேட்டால், தேறிவிட்டார், வேலைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தப் போய்விடுவாள். எத்தனையோ வீடுகளில் உட்கார்ந்து, கேட்பதில் என்ன வெட்கம், கேட்டால்தானே தெரியும் என்று அவளே சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது அது எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்று நினைத்தால் இப்போது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

அந்தச் சனிக்கிழமை அவர்களுக்கு நாலு வீடு. கடைசி வீடு புதுசு. ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற ஒரு பெண் முந்தின வாரம் மண்டபத்துக்கு வந்து டீச்சரிடம் பேசிவிட்டுப் போயிருந்தாள். இரண்டு பெண் பிள்ளைகள், புருஷன் இல்லை, சனிக்கிழமை பதினோரு மணிக்கு வீட்டில் இருப்பேன் என்று சொல்லியிருந்தாள். நாலாவது மாடி. லிப்ட் பழுது. தபால்காரர் மூன்றாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"நீ போ தங்கச்சி. நான் மூச்சத் தேடிப் புடிச்சுட்டு வர்றேன்."

அவள் மட்டும் ஏறிப்போய்க் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. மறுபடியும் தட்டினாள். காலையில் வெறும் தேநீர்தான் குடித்திருந்தாள். பையின் வார் தோளில் அறுத்தது. மூன்றாவது தடவை தட்டியபோது உள்ளே ஏதோ விழுந்தது. கரண்டியாக இருக்க வேண்டும், தரையில் இரண்டு மூன்று தடவை துள்ளி ஓய்ந்தது. உடனே யாரோ யாரையோ அடக்குகிற "உஷ்" சத்தம். சின்னக் குரல்.

அவள் கை மறுபடி தட்டுவதற்கு எழும்பியது, தட்டவில்லை. அந்தக் கணத்தில் என்ன நினைத்தாள் என்று பிற்பாடு எத்தனையோ தடவை தன்னைத்தானே கேட்டுப் பார்த்தாள். எதையும் நினைத்ததாக ஞாபகமில்லை. தோளில் பை கனத்தது மட்டும்தான் ஞாபகம். அவள் திரும்பி இறங்கினாள்.

"என்னாச்சு?" என்றார் தபால்காரர்.

"யாரும் இல்லண்ணே."

"பதினொண்ணுன்னுதான சொன்னாங்க? கொஞ்சம் நின்னு பாப்போமா?"

"பக்கத்து வீட்லயும் கேட்டேன். வெளிய போயிருக்காங்களாம்."

பக்கத்து வீட்டில் அவள் கேட்கவில்லை. முதல் பொய்க்கு இரண்டாவது பொய் கேட்காமலே துணைக்கு வந்துவிட்டது. தபால்காரருக்குப் பஸ் நேரமாகியிருந்தது. பையை நானே மண்டபத்தில் போட்டுவிடுகிறேன், என் வீட்டுக்குப் போகிற வழிதானே என்று அவள் சொன்னாள். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மண்டபத்தின் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே டீச்சர் யாருடனோ பேசுகிற குரல் தெருவரை கேட்டது. தையல்காரி எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறி, நிறுத்தியிருந்த வண்டிகளுக்குப் பின்னால் விறுவிறுவென்று நடந்து கடந்தாள்.

வீட்டில் கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, டாக்டர் சொன்னபடி ஒரு ரப்பர் பந்தை அழுத்திக்கொண்டிருந்தார். நீலப் பையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். மிச்சமாகிவிட்டது, எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள் என்று அவளாகவே சொன்னாள். "அப்படியா" என்று சொல்லிவிட்டு அவர் பந்தை அழுத்தத் தொடங்கினார். மகள் மட்டும் பையைப் பிரித்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேசைமேல் வரிசையாக நிறுத்தினாள். பால் பவுடர் டின்னைத் திறந்து ஒரு கரண்டி அப்படியே வாயில் போட்டுக்கொண்டு, மேல் அண்ணத்தில் ஒட்டியதை நாக்கால் எடுக்க முடியாமல் சிரித்தாள்.

மூன்று பேரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். தையல்காரியும் சாப்பிட்டாள். தொண்டையில் இறங்காது என்று நினைத்திருந்தாள், நன்றாகவே இறங்கியது. இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டாள். அதுதான் அவளை அதிகமாக உறுத்தியது.

அதற்குப் பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் உட்கார முடியாமல் மூன்று தடவை வெளியே போய்வந்தாள். நன்மை அப்பம் வாங்க எல்லாரும் வரிசையில் போனபோது அவள் பெஞ்சிலேயே இருந்துவிட்டாள். பக்கத்திலிருந்தவர்கள் கடந்து போவதற்காகக் காலை ஒதுக்கிக்கொண்டபோது முகம் சுட்டது. திங்கட்கிழமை கம்பெனியில் இடது கைத்துணியை வலது பக்கம் வைத்து ஆறு சட்டை தைத்துவிட்டாள். பிரித்து மறுபடி தைக்கும்போது ஊசி முறிந்தது. மேற்பார்வையாளர் அவளுக்குக் காய்ச்சலா என்று கேட்டார். எந்த மெஷினிலிருந்தாவது நூல் பாபின் கீழே விழுந்தால்கூட அவள் தைப்பதை நிறுத்திவிட்டாள். வீட்டில் மகள் கரண்டியை நழுவவிட்டபோது, கையில் என்ன ஓட்டையா என்று கத்திவிட்டாள். மகள் எடுத்து வைத்தாள். கணவர் நிமிர்ந்து பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு வேலை இல்லாத நாள். மதியத்துக்குமேல் வீட்டில் மிஞ்சியிருந்ததையெல்லாம் நீலப் பையில் திரும்பப் போட்டாள். அரிசி பாதிக்குக் கொஞ்சம் மேல் இருந்தது, ஒரு மீன் டின், எண்ணெய், சோப்பு, திறந்த பால் பவுடர். பை தொளதொளவென்று தொங்கியது. வீட்டிலிருந்த சர்க்கரையையும் எடுத்து உள்ளே வைத்தாள். எங்கே போகிறாய் என்று கேட்ட கணவருக்கு, இதோ வந்துவிட்டேன் என்று பதில் சொல்லிவிட்டு இறங்கினாள். தனியாகப் போகக் கூடாது என்ற கட்டுப்பாட்டைப் பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக மீறினாள். மீறியவற்றில் இது சின்னது.

நாலாவது மாடியில் தட்டியதும் இந்தத் தடவை கதவுக்குப் பின்னாலிருந்தே குரல் வந்தது.

"அம்மா வேலைக்குப் போயிருக்காங்க. யாருக்கும் கதவத் தெறக்கக் கூடாது."

"தெறக்க வேண்டாம் கண்ணு. நான் கோயில்லேர்ந்து வர்றேன். அம்மா எப்ப வருவாங்க?"

உள்ளே கிசுகிசுப்பு. பிறகு அதே குரல், எட்டு ஒன்பது வயசு இருக்கலாம், நிதானமாகக் கேட்டது. "பை கொண்டு வர்றவங்களா?"

"ஆமா."

"சனிக்கிழமையும் நீங்கதான் வந்தீங்களா?"

அவள் கதவின் மேல் கையை வைத்துக்கொண்டாள். ஆமாம் என்றாள்.

"தங்கச்சிதான் கரண்டியப் போட்டுட்டா. நாங்க சத்தம் போட்டதாலதான் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டீங்களா?"

இன்னொரு குரல், இன்னும் சின்னது, கதவின் கீழ் இடுக்கிலிருந்து வந்தது. தரையில் படுத்துக்கொண்டு அவளுடைய செருப்பைப் பார்க்கிறது போல. "நான் வேணும்னு போடல."

தையல்காரி கதவிலிருந்து கையை எடுத்தாள். நீங்கள் ஒன்றும் தப்புச் செய்யவில்லை என்று ஒருவாறு சொல்லிவிட்டுப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்தாள். ஒரு மாடி இறங்கினாள், ஏறினாள். பையைக் கதவருகே வைத்துவிட்டு ஓடிவிடலாம் என்று இரண்டு தடவை தோன்றியது. ஒரு தடவை வைத்தே விட்டாள், பிறகு எடுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக் கதவு கொஞ்சம் திறந்து, அவளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

ஐந்தரை மணிக்கு அந்தப் பெண் வந்தாள். தையல்காரியைவிடப் பத்து வயசு சின்னவளாக இருப்பாள். ஆஸ்பத்திரிச் சீருடைக்கு மேல் ஒரு பழைய ஸ்வெட்டர் போட்டிருந்தாள், கைவிரல்கள் மருந்துத் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. நீலப் பையைப் பார்த்ததும் அவளே மன்னிப்புக் கேட்கத் தொடங்கிவிட்டாள். சனிக்கிழமை காலையில் திடீரென்று ஒருத்தி வரவில்லை என்று தன்னைக் கூப்பிட்டுவிட்டார்கள், சொல்லியனுப்ப வழியில்லை, பிள்ளைகளை யாருக்கும் திறக்காதே என்று மிரட்டி வைத்திருக்கிறேன், கோவித்துக்கொள்ளாதீர்கள் என்று சாவியைத் தேடிக்கொண்டே ஒரே மூச்சில் சொன்னாள். உள்ளே அழைத்துப்போய் இருந்த ஒரே நாற்காலியை ஸ்வெட்டர் கையால் துடைத்துப் போட்டாள். பிள்ளைகள் இரண்டும் சுவரோடு ஒட்டி நின்றன.

தையல்காரி உட்காரவில்லை.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள். "பிள்ளைங்க கொஞ்சம் அந்தப் பக்கம் போனா நல்லது."

அந்தப் பெண் முகம் மாறி, பிள்ளைகளைச் சமையலறைக்கு அனுப்பினாள். தையல்காரி நின்றபடியே சொன்னாள்.

"சனிக்கிழமை உள்ள சத்தம் கேட்டுச்சு எனக்கு. பிள்ளைங்க இருக்காங்கன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சும் யாரும் இல்லன்னு சொல்லிட்டு, பைய என் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். நாங்க சாப்பிட்டோம். மிச்சம்தான் இதுல இருக்கு."

தன் கணவரின் தோள்பட்டையைப் பற்றியோ மூன்று நாள் வேலையைப் பற்றியோ அவள் சொல்லவில்லை. வரும் வழியெல்லாம் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். அந்த நாற்காலியைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை.

அந்தப் பெண் பையை வாங்கி, வாயை விரித்து உள்ளே பார்த்தாள். பால் பவுடர் டின்னை எடுத்து மூடியைத் திறந்து மூடினாள்.

"சின்னவ மூணு நாளா அழுவுறா. தன்னாலதான் பை போச்சுன்னு. பெரியவ அவள அடிச்சிருக்கா. நான் பெரியவள அடிச்சேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க போங்கக்கா."

தையல்காரி போனாள். மன்னிப்புக் கிடைக்கும் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருக்கிறோம் என்பது இரண்டாவது மாடி வரும்போது அவளுக்குத் தெரிந்தது. அதற்காகவும் வெட்கப்பட்டாள்.

வீட்டுக்குப் போனதும் மகள், பால் பவுடர் எங்கே என்று கேட்டாள். அவளை மளிகைக் கடைக்கு அனுப்பிவிட்டுத் தையல்காரி கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். சொல்லும்போது மடித்து வைத்திருந்த துணிகளைப் பிரித்துப் பிரித்து மறுபடி மடித்தாள். அவர் ரப்பர் பந்தை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு கேட்டார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"மிச்சமான பைன்னா நீ வாசல்லேர்ந்தே சத்தம் போட்டுச் சொல்லிட்டு வந்திருப்ப. நீ சும்மா வந்த. அப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் ஏங்க கேக்கல?"

அவர் பந்தை ஜன்னல் திட்டில் வைத்தார். "கேட்டா நீ திருப்பிக் கொண்டுபோய்க் குடுத்துடுவ" என்றார். "பிள்ள பால் பவுடர் டின்ன மூடாம அள்ளித் தின்னுக்கிட்டிருந்தா."

எட்டு மாதத்தில் அவர்கள் இரண்டு பேரும் இப்படி முகத்துக்கு நேரே பேசியது அதுதான் முதல் தடவை. பேசி முடித்ததும் அவளுக்கு நிம்மதி வரவில்லை. ஆனாலும் துணியை மடிப்பதை நிறுத்தியிருந்தாள்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் ஜெபம் முடிந்ததும் அவள் எழுந்தாள். ஜன்னலைத் திறக்கப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்று, நடந்ததைச் சொன்னாள், சபையிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்றும் சொன்னாள். மண்டபத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒருவர், இதைக் கோயில் சாமியாரிடம் அல்லவா சொல்ல வேண்டும் என்று முணுமுணுத்தார். இன்னொருவர், கட்டுப்பாடு என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான் என்றார். தபால்காரர்தான் கனைத்துக்கொண்டு பேசினார்.

"அந்தக் கடைசிப் பதினஞ்சு படிய நான் ஏறியிருந்தா இது நடந்திருக்காது. ரெண்டு பேராப் போகணும்னுதான சட்டம்? நான் போகலியே. அதையும் சேத்து எழுதிக்கங்க."

டீச்சர் எதையும் எழுதவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த ஆஸ்பத்திரிக்காரப் பெண் வீட்டுக்கு நாளைக்கே முழுப் பை போக வேண்டும், தானே போவதாகச் சொன்னார். பதினோரு வருஷமாக வாரா வாரம் எதிரே உட்கார்ந்திருக்கிறவள் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் ஊர் வீடுகளையெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறோம் என்றார். யாரைத் திட்டுகிறார் என்று தெரியாத ஒரு குரலில் அதைச் சொன்னார். பிறகு தையல்காரியின் பக்கம் திரும்பினார்.

"விலகுறதப் பத்தி அப்புறம் பேசலாம். சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு நீங்க வீட்ல இருப்பீங்களாம்மா?"

எப்போதும் அவளை நீ என்றுதான் அழைப்பார். புதிதாகப் போகிற வீட்டாரிடம் கேட்கிற கேள்வி அது, அதே மரியாதை. எத்தனையோ பேரிடம் தையல்காரியே அதைக் கேட்டிருக்கிறாள். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருப்பேன் என்றாள்.

வெள்ளிக்கிழமை வேலை விட்டு வந்ததிலிருந்து அவள் வீட்டைப் புரட்டிப் போட்டாள். தரையைத் துடைத்தாள், ஜன்னல் கம்பியைத் துடைத்தாள், அடுப்பைத் தேய்த்தாள். தேய்த்து முடித்துப் பார்த்தால் வீடு பளபளவென்று இருந்தது, இவர்களுக்கென்ன குறை என்று நினைப்பார்களே என்று பயம் வந்தது. அலமாரியிலிருந்த கல்யாணக் கண்ணாடிக் கோப்பைகளை எடுத்துக் கட்டிலுக்கடியில் ஒளித்தாள். ஒளித்ததை மகள் பார்த்துவிட்டாள். "அப்ப தண்ணி எதுல குடுப்பீங்க, உள்ளங்கையிலயா?" என்று கேட்டாள். கோப்பைகள் திரும்ப அலமாரிக்கு வந்தன. கணவர், நான் வெளியே எங்கேயாவது போய்விடுகிறேனே என்றார். போனால் நானும் கூட வந்துவிடுவேன், பிள்ளை தனியாக உட்கார்ந்து பதில் சொல்லட்டும் என்றாள். அவர் சவரம் செய்துகொள்ள எழுந்தார். இடது கையால் செய்ததில் தாடையில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. டீச்சரும் தபால்காரரும் நின்றார்கள். டீச்சர் கையில் பை. உட்காரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். தபால்காரர், தெரு நிலவரத்திலிருந்து ஆரம்பித்துத் தன் முழங்கால்வரை பேசினார். இது எதற்கான பேச்சு என்று தையல்காரிக்குத் தெரியும். இந்த நேரத்தில் டீச்சரின் கண் எங்கே போகிறது என்றும் தெரியும். அலமாரி, அடுப்பு, மகளின் காலில் பின்பக்கம் மிதிபட்டுப்போன ஷூ. பார்வை படுகிற ஒவ்வொரு இடத்திலும் அவள் தோல் உரிவது போலிருந்தது. இப்படித்தானா இருந்தது அவர்களுக்கெல்லாம் என்று நினைத்தாள். கையை மடியில் கட்டிக்கொண்டு, எழுந்திருக்காமல் இருக்கத் தன்னால் முடிந்த மட்டும் பாடுபட்டாள்.

டீச்சர் கேள்விகளைக் கணவரிடம் கேட்டார். அவள் பதில் சொல்லிவிடுவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. அவர்தான் சொன்னார். விழுந்த அன்றைக்கு என்ன நடந்தது, கை எவ்வளவு எழும்பும், எதுவரை எழும்பாது, கம்பெனி என்ன சொன்னது. ஒரு இடத்தில் நிறுத்தி, எனக்கு இந்த வீட்டில் இருக்கவே பிடிக்கவில்லை என்றார். மனைவியும் மகளும் அதை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டார்கள். டீச்சர் தலையாட்டினார், ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. தொழிலாளர் நஷ்ட ஈட்டு வழக்குகளைப் பார்க்கிற ஒரு வக்கீல் நம் கோயில் பங்கில் இருக்கிறார், திங்கட்கிழமை அவரைப் போய்ப் பார்க்க வேண்டும், நானும் வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

கிளம்பும்போது பையை மேசைமேல் வைத்தார்கள். தையல்காரி அதைத் தொடவில்லை. மகள்தான் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

அதற்கப்புறம் நடந்தவை அவ்வளவு சீக்கிரம் நடக்கவில்லை. வக்கீல் வழக்குப் போட்டார், அது இழுத்துக்கொண்டு கிடந்தது. கணவருக்கு ஆறு மாதம் கழித்து, லிப்ட் பழுதுபார்க்கிற இன்னொரு சின்னக் கம்பெனியில், புகார்களைப் போனில் கேட்டு ஆளனுப்புகிற வேலை கிடைத்தது. அவள் விலகுவதா, இருப்பதா என்ற பேச்சைச் சபை இரண்டு கூட்டம் பேசியது. கடைசியில் மூன்று மாதம் அவள் வீடுகளுக்குப் போக வேண்டாம், மண்டபத்தில் பை கட்டட்டும் என்று முடிவானது. சனிக்கிழமை காலையில் மண்டபத்தில் பை கட்டுவாள், பத்து மணிக்குள் வீட்டுக்கு ஓடிவந்து தன் பையை வாங்கிக்கொள்வாள், மறுபடி மண்டபத்துக்கு ஓடுவாள். தான் கட்டிய பைதான் தன் வீட்டுக்கு வருகிறதா என்று சில நாள் அடையாளம் பார்த்தாள். பிறகு அந்தப் பழக்கம் விட்டுப்போனது. உட்கார மட்டும் அவளுக்கு அப்போதும் வரவில்லை.

மூன்றாவது மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஆஸ்பத்திரிப் பெண் மண்டபத்துக்கு வந்தாள். காலையில் அவர்கள் வந்தபோது தான் வீட்டில் இல்லை, இங்கே வந்து வாங்கிக்கொள்ளும்படி டீச்சர் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போனார் என்றாள். உள்ளே தையல்காரி மட்டும்தான் இருந்தாள். தையல்காரி பையை எடுத்து, அவள் கண்முன்னாலேயே வாயைப் பிரித்துக் காட்டிவிட்டுக் கட்டிக் கொடுத்தாள். சின்னவள் எப்படியிருக்கிறாள் என்று கேட்கத் துடித்தது, கேட்கவில்லை.

அந்தப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போனாள். அங்கே நின்றாள்.

"உங்க வீட்டுக்கும் வர்றாங்களாமே" என்றாள்.

"வர்றாங்க."

"யாரு, டீச்சரா?"

"டீச்சரும் தபால்கார அண்ணனும்."

அந்தப் பெண் பையின் வாரைச் சரிசெய்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை, ஆனால் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்ற அன்றைய முகமும் இல்லை.

"அந்த டீச்சர் ரொம்பக் கேள்வி கேக்குறாங்கக்கா" என்றாள். "பெரியவ கணக்குல எத்தன மார்க்குன்னு போன வாரம் கேட்டாங்க. அதுக்கும் அரிசிக்கும் என்ன சம்பந்தம்?"

"என் மககிட்டயும் கேட்டாங்க. அவ போன வாரம் டீச்சர் வர்ற நேரம் பாத்துக் குளிக்கப் போயிட்டா."

"குளிச்சுட்டு வர்ற வரைக்கும் உக்காந்திருப்பாங்களே."

"உக்காந்திருந்தாங்க" என்றாள் தையல்காரி. "முக்கால் மணி நேரம்."

அந்தப் பெண் தலையை ஆட்டிக்கொண்டு வெளியே போனாள். வாசலில் காத்திருந்த இரண்டு பிள்ளைகளில் சின்னது, பையின் ஒரு காதைத் தானும் பிடித்துக்கொண்டது. தையல்காரி அவர்கள் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, இன்னும் கட்டாமல் கிடந்த ஐந்து பைகளைக் கட்டத் தொடங்கினாள்.